கடற்கரை எவருடையது? நொச்சிக்குப்பமும் மணல்வெளி உரிமையும்

நெய்தல் நிலத்தின் முதற்பொருளையும் கருப்பொருளையும் உரிப்பொருளையும் நுணுகி வகுத்த தமிழ் இலக்கண மரபு, அந்நிலம் எவருடைய உடைமை என்னும் வினாவை எழுப்பவில்லை. தொல்காப்பியர் நெய்தலுக்கு வருணனைத் தெய்வமாகச் சொன்னார். பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதையும், முழுமதி நாளில் கடல்மேற் செல்லாது மணலில் விளையாடி மகிழ்ந்ததையும் காட்டினார். அம்மணல் வேந்தனுடையதா, ஊருடையதா, அக்குடியினருடையதா என்று கேட்கும் தேவை புலவர்க்கு நேரவில்லை. கடலில் இறங்குபவன் கரையில் நிற்பான் என்பது அக்காலத்தார்க்கு வெளிப்படை. நிலத்தை அளந்து, எண் இட்டு, பதிவேட்டில் ஏற்றும் ஆட்சிமுறை வந்த பின்னரே கரைக்கும் உடையவர் ஒருவர் வேண்டும் என்றாயிற்று. அவ்வுடையவர் யார் என்னும் வழக்கு சென்னைக் கடற்கரையில் நெடுங்காலமாகத் தீராது நடந்து வருகிறது. அவ்வழக்கின் நடுவே நிற்கும் ஊர்களுள் ஒன்று நொச்சிக்குப்பம்.

மயிலாப்பூருக்குக் கிழக்கே, கலங்கரை விளக்கத்தை அடுத்துத் தெற்கே, சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்தது இவ்வூர். வடக்கே அயோத்தியாகுப்பம், மாட்டாங்குப்பம், நடுக்குப்பம்; தெற்கே டுமிங்குப்பம், முள்ளிக்குப்பம், சீனிவாசபுரம் என மீனவர் குடியிருப்புகள் அடையாற்றின் முகத்துவாரம் வரையில் தொடர்கின்றன. நொச்சி, வேலிகளிலும் நீர்க்கரைகளிலும் வளரும் மருந்துச் செடி. புறத்திணை கற்றோர்க்கோ நொச்சி என்றதும் மதில் காக்கும் வீரர் சூடும் பூவே முதலில் நினைவிற்கு வரும். புறப்பொருள் வெண்பாமாலை அதற்கெனத் தனிப்படலமே வகுத்துள்ளது. செடியால் வந்த ஊர்ப்பெயருக்கும் மதிற்காவலுக்கும் முடிச்சுப் போடுவது புலவர் விளையாட்டாகவே முடியும். எனினும் இவ்வூரின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர் அவ்விளையாட்டை முற்றும் வெறுத்து ஒதுக்கிவிட முடியாது.

மணலின் பயன்

மாலையில் காற்று வாங்க வருவோர் கண்ணுக்குக் கடற்கரை வெற்றிடம். கவிஞர் கண்ணுக்கும் பெரும்பாலும் அவ்வாறே. அலையும் நிலவும் தனிமையும் பாட்டில் இடம்பெறும் அளவிற்கு, படகு ஏற்றும் இடமும் வலை உலர்த்தும் இடமும் நம் புதுக்கவிதையில் இடம்பெறவில்லை. மீனவர்க்கு அம்மணல் தொழிற்களம். இங்குத் துறைமுகத் தளமோ படகணையும் மேடையோ இல்லை. அலை முறியும் கரையிலேயே கலம் இறங்கவேண்டும், ஏறவும் வேண்டும். முன்னர்க் கட்டுமரமும் பின்னர்க் கண்ணாடியிழைப் படகும் அவ்வாறே இழுத்தேற்றப்பட்டன. கட்டுமரத்தைக் கட்டவிழ்த்துத் தோளில் சுமந்து வைத்துவிடலாம். இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகிற்கு அகலமான சரிவான மணல் வேண்டும். புயற்காலத்தில் அலை ஏறி வருந்தோறும் படகுகளை மேலும் மேற்கே தள்ளியாக வேண்டும். ஆகவே அவர்களுக்குத் தேவைப்படும் மணலின் அளவு ஆண்டு முழுவதும் ஒன்றாய் இருப்பதில்லை. கோடையில் வெறுமையாய்க் கிடப்பதாகத் தோன்றும் இடம் ஐப்பசி, கார்த்திகையில் படகு நிற்கும் இடமாகும்.

கரைவலை இழுப்பதற்கோ நீண்ட கரை வேண்டும். வலையின் இரு தலைப்புக் கயிறுகளையும் இரு கூட்டத்தார் தொலைவில் நின்று பற்றி, இழுக்க இழுக்க ஒருவரை ஒருவர் நெருங்கி வருவர். இடையில் சுவரோ கற்குவியலோ இருப்பின் அத்தொழில் இல்லை. கண்ணி அறுந்த வலையைப் பரப்பிச் சீர்செய்யவும், உப்பிட்ட மீனைக் கருவாடாக உலர்த்தவும், வந்திறங்கிய மீனை ஏலம் கூறவும், ஏலத்தில் எடுத்ததைப் பெண்கள் கூறு வைத்து விற்கவும் வெவ்வேறு இடங்கள் உண்டு. அவற்றிற்கு வேலியில்லை, பட்டாவில்லை. எந்தப் படகு எங்கு நிற்கும் என்பதை ஊரார் அறிவர். பிணக்கு நேரின் ஊர்ப்பஞ்சாயத்துத் தீர்த்து வைக்கும். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாட்டைக் கற்றோர், எழுதா விதி எத்துணைக் கட்டுக்கோப்புடன் இயங்கும் என்பதை அறிவர். அங்கு நீரில் நிகழும் பங்கீடு இங்குக் கரையில் நிகழ்கிறது.

மணல் வந்த வழி

இம்மணல்வெளியின் அகலம் பழமையானதன்று. 1875 டிசம்பரில் வேல்சு இளவரசர் சென்னைத் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு கட்டுமானம் தொடங்கிற்று. 1881 நவம்பரில் வீசிய புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்தது. வேலை மீண்டும் தொடர்ந்தது. இக்கரையோரத்தில் கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்லும். துறைமுகச் சுவர் அதனைத் தடுத்து நிறுத்தவே, தெற்கே மணல் மேன்மேலும் சேர்ந்தது. வடக்கே வரவேண்டிய மணல் வராமையால் இராயபுரம் முதலாக எண்ணூர் வரையில் கரை அரிக்கப்பட்டது. வடசென்னை மீனவர் இழந்த தெருக்களும் வீடுகளும் தென்புறத்து மணலாகச் சேர்ந்தன என்று கூறினும் பெரிதும் பிழையாகாது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் அலைகள் இன்றைய காமராசர் சாலைக்கு அண்மையில் வந்து மோதின என்பர்.

1881 முதல் 1886 வரையில் ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் இப்புதுமணலை ஒட்டி உலாச்சாலை ஒன்றை அமைத்து, சிசிலித் தீவின் கடற்கரை நினைவாக அதற்கு 1884இல் 'மெரினா' எனப் பெயரிட்டார். இப்பெயரீடு சிறு செய்தி போலத் தோன்றும். ஆனால் அன்றுமுதல் அக்கரைக்கு இரு பெயர்கள் உள்ளன. இரு கூட்டத்தார் உள்ளனர். குப்பத்துப் பெயர்களால் அதனை அறிந்தோர் ஒருபுறம். மெரினா என அறிந்து உலாவ வந்தோர் மறுபுறம். திருவல்லிக்கேணிக் கடற்கரையில் விடுதலைப் போர்க்காலக் கூட்டங்கள் நடந்ததும், பாரதியார் அங்கு முழங்கியதும், பின்னர் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டிப் புலவர்க்கும் புரவலர்க்கும் சிலைகள் எழுந்ததும், 1969இல் அறிஞர் அண்ணா அங்கு அடக்கம் செய்யப்பெற்றதும் இரண்டாம் வகைக் கடற்கரையின் வரலாறு. அதுவும் மக்கள் வரலாறே. அதனைக் குறைத்துரைத்தல் தகாது. ஆயினும் அவ்வரலாறு ஏடேறிய அளவிற்கு முதல்வகை வரலாறு ஏடேறவில்லை.

கடல் தானாகத் தந்த நிலம் எவருக்கு உரியது? ஆங்கில ஆட்சி இதற்கு ஐயமற விடை கூறியது: அரசுக்கு.

1905ஆம் ஆண்டுச் சட்டம்

சென்னை மாகாணத்தில் 1905இல் நிறைவேறிய நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. கடற்கரை வழக்குகளின் வேர் அதன் இரண்டாம் பிரிவில் உள்ளது. சாலைகள், தெருக்கள், பாலங்கள், ஆறுகள், ஏரிகள், உயர்நீர் மட்டத்திற்குக் கீழ்ப்பட்ட கடற்படுகை, பிறர் உடைமையாக நிறுவப்படாத நிலங்கள் அனைத்தும் அரசின் சொத்து என்று அப்பிரிவு அறிவிக்கிறது. பலரும் இவ்வளவோடு படிப்பதை நிறுத்திவிடுகின்றனர். அதே பிரிவு, அதே வாக்கியத்தில், இவ்வுடைமை பொதுமக்களின் வழியுரிமைக்கும் பிற பொதுவுரிமைகளுக்கும், சட்டப்படி நிலவும் வழக்காற்று உரிமைகள் அனைத்திற்கும் எப்போதும் உட்பட்டது என்றும் கூறுகிறது. உடைமையை அரசுக்குத் தந்த கை, அவ்வுடைமையின்மீது நெடுங்காலப் பயன்பாட்டாளர்க்கு உள்ள உரிமையையும் அவ்விடத்திலேயே காத்து வைத்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முற்பாதி நாள்தோறும் எடுத்தாளப்பட, பிற்பாதி பெரும்பாலும் உறங்கிக் கிடக்கிறது. நொச்சிக்குப்பத்துச் சிக்கல் நிலவுடைமைச் சிக்கல் என்று கூறப்படுவது இதனால்தான் முழுமையான கூற்றாகாது. மணல் அரசுடையது என்பதை மறுக்காமலேயே, அதில் படகு நிறுத்தும் உரிமை ஊருக்கு உண்டு என்று வாதிட அச்சட்டமே இடந்தருகிறது.

அப்பிரிவில் மற்றொரு விலக்கும் உண்டு. கோயில் மனையும், வீட்டுமனையாகவும் கொல்லையாகவும் உடைமை கொள்ளப்பட்ட நிலமும் அரசுச் சொத்தினின்று நீக்கப்பட்டுள்ளன. உள்நாட்டுச் சிற்றூரில் உழவன் ஒருவனுக்கு இது பெருங்காப்பு. அவன் மாடு கட்டுவதும் வைக்கோல் போர் இடுவதும் நெல் உலர்த்துவதும் வீட்டை ஒட்டிய கொல்லையிலே. மீனவனின் கொல்லை எங்குள்ளது? அவன் கலமும் கருவியும் விளைச்சலும் கிடப்பது கடற்கரை மணலில். சட்டம் வரைந்தோர் கண்முன் இருந்தது மருத நிலத்து வீடு. நெய்தல் நிலத்து வீடு அவர்கள் கருத்தில் இல்லை. ஐவகை நிலத்திற்கும் ஐவகை வாழ்க்கை உண்டென்று கண்ட மொழியைப் பேசும் நாட்டில் இப்பிழை நேர்ந்தது.

'புறம்போக்கு' என்னும் சொல்லின் கதையையும் இங்கு நோக்குதல் தகும். வரி விதிப்புக்கு உட்படாது புறத்தே விடப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, வண்டிப்பாதை எனப் பலர்க்கும் பயன்படுவன என்பதாலேயே அவை வரிக்குப் புறமாயின. பொதுப்பயன் மிகுந்தமையால் வந்த பெயர், காலப்போக்கில் எவர்க்கும் பயன்படாதது என்னும் பொருளை ஏற்றது. இறுதியில் ஆளைத் திட்டும் வசைச் சொல்லாகவும் இழிந்தது. 'ஆக்கிரமிப்பு' என்னும் சொல்லோ இதற்கு நேர்மாறாக வலிமை பெற்றது. யார் முன்னர் வந்தவர், யார் பின்னர் வந்தவர் என்ற வினாவை எழுப்பவிடாமல், பதிவேட்டில் பெயர் இல்லாதவர் அனைவரையும் பின்வந்தவர் ஆக்கிவிடும் சொல் அது.

குடிசை மாற்றும் கடற்கரைப் பொலிவும்

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது. கடற்கரைக் குப்பங்களில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நொச்சி நகர் அவ்வாறு உருவானதே. இருந்த இடத்திலேயே வீடு தருதல் என்னும் அன்றைய கொள்கை போற்றத்தக்கது. பின்னாளில் நகருக்கு வெளியே தொலைவில் கொண்டு குடியேற்றும் முறை மேலோங்கியபோது அதன் அருமை புலப்பட்டது. எனினும் அடுக்குமாடி, வீட்டுச் சிக்கலைத் தீர்த்த அளவிற்குத் தொழிலிடச் சிக்கலைத் தீர்க்கவில்லை. வலையை மூன்றாம் மாடியில் உலர்த்த இயலாது. மேலும் வீட்டிற்கு ஒதுக்கீட்டு ஆணை தரப்பட்டதால், ஆணை இல்லாத மணல் அவர்களுடையதன்று என்னும் எண்ணமும் உடன் வலுப்பெற்றது.

அவ்வெண்ணம் குருதியில் முடிந்த ஆண்டு 1985. எம்.ஜி.இராமச்சந்திரன் முதலமைச்சராக இருந்த காலம். மெரினாவைப் பொலிவூட்டும் பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்றவேண்டும் என அரசு முனைந்தது. மீனவர் எதிர்த்தனர். அவ்வாண்டு இறுதியில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் மீனவர் உயிர்கள் பலியாயின. அதே 1985 சூலையில்தான் ஓல்கா டெல்லிசு வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர்வாழும் உரிமையுள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்திருந்தது; சென்னைக் குடிசைவாசிகள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கும் அதனோடு ஒருங்கே ஆராயப்பட்டது. வாழ்வாதாரம் பற்றிய அத்தீர்ப்பின் மை உலர்வதற்குள் இக்கரையில் துப்பாக்கி வெடித்தது.

கோடு கிழித்த சட்டம்

1991 பிப்ரவரி 19ஆம் நாள், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியாயிற்று. உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலம் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. கட்டடம் பெருகிய நகர்ப்பகுதிகளில், ஏற்கெனவே உள்ள சாலைக்குக் கடற்புறமாகப் புதுக்கட்டடம் கூடாது. நிலப்புறமாக எழுப்பலாம் என விதி அமைந்தது. இதனால் கடற்கரையில் 'சாலை' என்பது போக்குவரத்துக்கு உரியது என்பதற்கு மேலும் ஒரு பொருள் பெற்றது. எது கட்டத்தக்கது, எது கட்டத்தகாதது எனப் பிரிக்கும் எல்லையாயிற்று. கடற்கரைச் சாலை என்றதும் மீனவர் ஏன் ஐயுறுகின்றனர் என வியப்போர் இவ்விதியை நினைவிற் கொள்ளவேண்டும்.

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டே நாள் இடைவெளியில் இரு தீர்ப்புகள் வழங்கியது. ஒன்று தமிழகத்தைச் சார்ந்தது: கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்தது. பண்ணைகள் நிலத்தையும் நீரையும் கெடுத்ததோடு மீனவர் கடலுக்குச் செல்லும் வழியையும் அடைத்தன என்பது அதில் எழுந்த முறையீடுகளுள் ஒன்று. மற்றொன்று இமாசலத்தில் பியாசு ஆற்றங்கரையில் விடுதி எழுப்பியது பற்றிய கமல்நாத் வழக்கு. ஆறு, கடற்கரை, காடு போன்றவற்றை அரசு மக்களுக்காகக் காத்து நிற்கும் பொறுப்பாளரே, உடையவர் போல் விலைப்படுத்த உரிமையுடையவர் அல்லர் என்னும் பொது அறக்கட்டளைக் கோட்பாட்டை அத்தீர்ப்பு இந்தியச் சட்டமாக்கியது. காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் இயற்கையால் எல்லார்க்கும் பொது என்று ஆறாம் நூற்றாண்டில் சசுடினியன் பேரரசன் தொகுப்பித்த உரோமைச் சட்டநூலே அதன் ஊற்றுக்கண்.

இக்கோட்பாட்டில் ஒரு நெருடல் உண்டு. 'எல்லார்க்கும் பொது' என்னும்போது எல்லார் என்பவர் யாவர்? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மார்ட்டின்சு கடற்கரையை ஒட்டிய நிலத்தை வினோத் கோசுலா என்னும் பெருஞ்செல்வர் 2008இல் வாங்கிப் பின்னர் வாயிற்கதவை அடைத்தார். அலைச்சறுக்கு விளையாட்டினரின் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2018 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் முறையீட்டை ஏற்க மறுக்கவே, வழியைத் திறந்துவைக்கக் கூறிய கீழ்த்தீர்ப்பு நிலைத்தது. அங்கு ஒருபுறம் தனியார், மறுபுறம் பொதுமக்கள்; நியாயம் எளிதில் விளங்கும். நொச்சிக்குப்பத்தில் இருபுறமும் பொதுமக்களே. உலாவ வருவோரும் வண்டியில் விரைவோரும் பொதுமக்கள். மணலையே நம்பி வாழ்வோரும் பொதுமக்கள். பொதுவுரிமை என்னும் அதே சொல்லைக் கொண்டு ஒரு சாரார் மற்றொரு சாராரை வெளியேற்ற முடிகிறது. ஓய்வு நேரப் பயன்பாட்டையும் வாழ்வாதாரப் பயன்பாட்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் நேர்மையான நிறையாகாது. 1905ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவுரிமை, வழக்காற்று உரிமை என இரண்டையும் தனித்தனியே பெயர்சொல்லி வைத்ததன் நுட்பம் இங்கே புலனாகும்.

உடைமை வேறு, அணுகும் உரிமை வேறு என்பதைத் தமிழர் கச்சத்தீவில் கண்டதுண்டு. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை அத்தீவை இலங்கைக்கு உரியதாக்கியது. அதன் ஐந்தாம் விதி, இந்திய மீனவரும் வழிபடுவோரும் முன்போலவே பயண ஆவணமின்றி அங்குச் சென்றுவர இடமளித்தது. வலை உலர்த்தவும் ஓய்வெடுக்கவும் அவ்விதி உதவும் எனக் கருதப்பட்டது. 1976இல் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட மடல்கள், ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடித்தலை விலக்கின. எஞ்சிய உரிமை அந்தோணியார் திருவிழாவளவில் சுருங்கிற்று. வலை உலர்த்தும் உரிமையைத் தனியே எழுதிவைத்துக் காவாவிடின் அது எவ்வாறு தேய்ந்து மறையும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆழிப்பேரலைக்குப் பின்

2003இல் கலங்கரை விளக்கம் முதல் பெசன்ட் நகர் வரையிலான கரையை மலேசிய நிறுவனத்தின் துணையுடன் பெருங்கட்டடப் பகுதியாக மாற்றும் திட்டம் பேசப்பட்டது. எதிர்ப்புகளின் பின் அது கைவிடப்பட்டது. மறு ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. மனிதர் திட்டங்கள் செய்ய இயலாததை இயற்கை ஒரு காலைப்பொழுதில் செய்துவிடும் என்னும் அச்சம் குப்பங்களைச் சூழ்ந்தது; அவ்வச்சம் உயிரைப் பற்றியது மட்டுமன்று.

2005 மார்ச் 30ஆம் நாளிட்ட வருவாய்த்துறை அரசாணை எண் 172, உயர்நீர் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குள் இருப்போர்க்கு அதற்கு அப்பால் புதுவீடு தர முன்வந்தது. உள்ளேயே இருக்க விரும்புவோர் இருக்கலாம். ஆனால் அரசின் வீட்டுதவி கிட்டாது. புதுவீடு பெறுவோர் பழைய மனையை விட்டுக்கொடுக்கவேண்டும். பாதுகாப்பு நோக்கில் இது பொருத்தமான ஏற்பாடாகத் தோன்றும். ஆயினும் வீட்டையும் கரையையும் பண்டமாற்றாக வைத்த இவ்வாணையால், பதிவேட்டில் என்றும் எழுதப்படாத ஓர் உரிமை முதன்முறையாக எழுத்தில் தோன்றியது. தோன்றியதும் விட்டுக்கொடுக்கப்படவேண்டிய பொருளாகவே. சென்னைக் கடற்கரைக் குடும்பங்கள் பல, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள செம்மஞ்சேரிக்குச் சென்றன. விடியலுக்கு முன் கடலின் நிறத்தையும் காற்றின் திசையையும் பார்த்து அன்று படகு தள்ளுவதா எனத் தீர்மானிக்கும் தொழிலினர், கடல் தென்படாத இடத்தில் குடியேறினர். நொச்சி நகரில் பழுதடைந்த பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுப் புதிய தொகுதிகள் எழுந்தன. ஊர் அவ்விடத்திலேயே நிலைத்தது. 2010 அளவில் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கரையோர மேம்பாலச் சாலை ஒன்று திட்டமிடப்பட்டபோதும் மீனவர் எதிர்த்தனர், அதுவும் நிறைவேறவில்லை.

சாலையும் சந்தையும்

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை குப்பங்களின் ஊடே வளைந்து செல்லும் லூப் சாலைக்கு ஒருபுறம் வீடுகள், மறுபுறம் மணலும் படகுகளும் உள்ளன. மீன் கரையேறியதும் பெண்கள் இச்சாலையோரத்தில் விற்பனைக்கு அமர்வர். சாந்தோம் நெடுஞ்சாலையில் நெரிசல் மிகுந்தோறும் நகரின் வண்டிகள் இவ்வழியே திருப்பிவிடப்பட்டன. ஊர் நடுவே ஓடிய சாலை நகரத்துச் சாலையாயிற்று. சாலையோரத்தில் அமர்ந்த பெண்கள் போக்குவரத்துக்கு இடையூறாயினர்.

2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இப்பொருளைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, சாலையிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றப் பணித்தது. மாநகராட்சி உடனே செயலில் இறங்கியது. நொச்சிக்குப்பமும் அண்டைக் குப்பங்களும் படகுகளைச் சாலைக்குக் கொண்டுவந்து மறித்தன. கடலுக்குரிய கலம் சாலையில் நிறுத்தப்பட்ட அக்காட்சியை நாளிதழ்கள் படமாக வெளியிட்டன. சாலைக்கு முன்னரே எங்கள் ஊர் இருந்தது என்பது மீனவர் வாதம். சாலை என்று ஆனபின் அது எல்லார்க்கும் தடையின்றித் திறந்திருக்கவேண்டும் என்பது எதிர்வாதம். நெரிசலில் சிக்கும் நோயாளி ஊர்தியை எண்ணிப் பார்ப்போர் இரண்டாம் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதன் விடையை மீன்கூடையின் முன் அமர்ந்த பெண்களிடம் மட்டும் கேட்பது எவ்வகையில் முறை? சாலையோரம் ஊர்திகளை நிறுத்தி மீன் வாங்கிச் செல்லும் நகரத்தாரும் அந்நெரிசலின் பங்காளிகள் அல்லரோ? சில நாள்களில், சந்தை ஒன்று கட்டப்படும் வரையில் ஒழுங்குமுறையுடன் விற்பனை தொடர நீதிமன்றத்தில் வழி காணப்பட்டது.

அச்சந்தை 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 366 கடைகள் கொண்டது. தூய நீரும் கழிவு வடிகாலும் கூரையும் உள்ள இடத்தில் பெண்கள் அமர்ந்து விற்பதைக் குறைகூற எவர்க்கும் மனம் வராது. வெயிலில் குடை பிடித்து அமர்ந்த காலத்தை அறிந்தோர் அதன் அருமையையும் அறிவர். ஆனால் சந்தை தீர்த்தது விற்கும் இடத்தின் சிக்கலை மட்டுமே. படகு ஏற்றும் இடம், வலை பரப்பும் இடம், கரைவலை இழுக்கும் நீளம் ஆகியவை முன்னிருந்தபடியே எழுத்தில் ஏறாமல் உள்ளன. கடையின் ஒதுக்கீடு எண்ணால் நடப்பது. மணலின் பங்கீடு முறையால் நடப்பது. முன்னது வந்தபின் பின்னதற்குத் தேவையில்லை என்று எண்ணும் பழக்கம், அடுக்குமாடி வந்தபோது தோன்றிய அதே பழக்கத்தின் மறுபிறப்பு.

காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்று 2006இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தலைமுறைகளாகக் காட்டில் வாழ்ந்தோரின் உரிமைகள் போதிய அளவு ஏற்கப்படாமையால் அவர்க்கு வரலாற்று அநீதி நேர்ந்தது என்று அச்சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொண்டது. குறிஞ்சிக்கும் முல்லைக்கும் கிடைத்த அவ்வொப்புதல் நெய்தலுக்குக் கிடைக்கவில்லை. எம்.எசு.சுவாமிநாதன் தலைமையிலான குழு 2009இல் அளித்த அறிக்கையில் மீனவர் உரிமைக்குத் தனிச் சட்டம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அச்சட்டம் வரவில்லை. மாறாக, 2011 சனவரி 6ஆம் நாள் வெளியான திருத்திய கடற்கரை மண்டல அறிவிக்கையில், மீனவர் ஊர்களையும் மீன் உலர்த்தும் களம், படகணையும் இடம் முதலான அவர்தம் பொது இடங்களையும் மாநில அரசின் கடற்கரை வரைபடத்தில் குறிக்கவேண்டும் என்னும் விதி இடம்பெற்றது. 1905இல் பெயரளவில் காக்கப்பட்ட வழக்காற்று உரிமைக்கு நிலத்தில் உருவம் கொடுக்க வாய்த்த வழி இது ஒன்றே. எந்தெந்த மணல் எதற்குப் பயன்படுகிறது என எழுதிவிட்டால், அதற்குப்பின் அது வெற்றிடம் என எவரும் கூற இயலாது.

2019இல் மற்றோர் அறிவிக்கை வந்தது. அதன்படி வரையப்பட்ட தமிழ்நாட்டுக் கடற்கரை வரைபடங்களின் வரைவு மீது 2023 ஆகஸ்டில் பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பட்டபோது, சென்னை உள்ளிட்ட மாவட்டங்களின் மீனவர், தம் ஊர்களும் தொழிலிடங்களும் முறையாகக் குறிக்கப்படவில்லை என்று முறையிட்டனர். சந்தைக்குக் கூரை எழுந்துகொண்டிருந்த மாதங்களில், சாலைக்கு அப்பாலுள்ள மணலை எவ்வண்ணத்தில் தீட்டுவது என்னும் வழக்கு இவ்வாறு தாளின்மேல் நடந்தது. 2018இல் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் கடலரிப்பால் வீடுகள் இடிந்து விழுந்தன. அங்கு உயர்நீர் மட்டக் கோடு வரைவோர் கைக்கு நிற்பதில்லை. வரைபடத்தில் படகுக்கு இடம் ஒதுக்குவோர், கார்த்திகை மாதத்து அலை எதுவரை ஏறும் என்பதையும், அப்போது படகு எதுவரை ஏறும் என்பதையும் குப்பத்தாரிடமே கேட்டு எழுதவேண்டியுள்ளது.